மான் நடக்கிற வேகத்துக்கு ஒரு வண்டி

ராவ்னாவின் வலது தோள் பிப்ரவரி பதினாறாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, ஓர் ஏரியின் நடுவில் போயிற்று. ஏரி உறைந்துதான் இருந்தது. ஆனால் உறைந்த கட்டிக்கு மேலே நீர் ஏறி நின்று, அந்த நீரை ஒரு முழம் பனி மூடியிருந்தது. வண்டி உள்ளே இறங்கிய பிறகுதான் அது தெரியும். அவளுடையது முந்நூற்றிருபது கிலோ பனிவண்டி. அடியில் சுழலும் அகலப் பட்டை, நீள இருக்கை, சுமை இழுப்பதற்கென்றே செய்தது. அதன் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை நகர்த்தி, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் தனியாளாகக் கரையேற்றினாள். சட்டைப் பையில் போன் இருந்தது. நாலு கிலோமீட்டருக்குள் அண்ணன் மாத்தே இருந்தார். அவள் கூப்பிடவில்லை.

தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது.

"வண்டி ஓட்டலாமா?" என்று ராவ்னா கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். ஆறு நாள்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறு நாள் என்பது ஏப்ரல் பயணம். கௌத்தகெய்னோ ஊரைச் சுற்றிய குளிர்கால மேய்ச்சலிலிருந்து கடற்கரைக்குப் பனிமான்களைக் கூட்டிப்போவது. முன்னால் மாத்தே, வண்டிக்குப் பின்னால் ஒரு பழகிய மானைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போவார். மந்தை அந்த மானைப் பார்த்து வரும். இடப்பக்கம் அவர் மனைவி எல்லென், வலப்பக்கம் எல்லெனின் தம்பி ஐலு. கடைசியில் ராவ்னா. முப்பத்தொரு வசந்தமாக அந்த இடம் அவளுடையது.

கடைசியில் வருவது எளிய வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மெதுவாக இருக்கத் தெரிந்தவர்களின் வேலை. பெட்டை மான்களெல்லாம் சினையாக இருக்கும் காலம். மந்தையிலேயே கனத்த வயிற்றோடு நடக்கிற மான் என்ன வேகமோ அதுதான் வண்டியின் வேகம். நெருங்கினால் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். விலகினால் படுத்துவிடும், திரும்பிப்போகும். ராவ்னா வலது முழங்காலை இருக்கையில் ஊன்றி, இடது காலைப் பக்கப் பலகையில் வைத்து, பாதி எழுந்த நிலையில் ஓட்டுவாள். அப்போதுதான் முதுகுகளுக்கு மேலாக முழு மந்தையும் தெரியும். நடக்க முடியாத குட்டியை இழுவைச் சறுக்குப் பலகையில் போட்டுக் கட்டிக்கொள்வாள். நாலு வருடம் கல்யாணம் என்று ஒன்று இருந்தது. கடற்கரை ஊர்க்காரன், மீன்பிடிக்கிறவன். ஒரு வசந்தத்தில் 'நானா, மானா' என்று கேட்டான். அவள் யோசிக்க அவகாசம் கேட்டாள். யோசித்து முடிப்பதற்குள் பயணம் கிளம்பிவிட்டது.

பக்கத்து மந்தைக்காரர்கள் சொல்வது ஒன்றுண்டு. "ராவ்னாவா பின்னால வர்றா? அப்போ திரும்பிப் பாக்க வேண்டாம்." யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத ஆட்கள் அவர்கள்.

மார்ச் கடைசியில் மாத்தே வீட்டு அடுப்படியில் பேச்சு வந்தது. கறி வெந்துகொண்டிருந்தது. ஐலு எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"உனக்கு அம்பத்திநாலு வயசு," என்றார் மாத்தே.

"உங்களுக்கு அறுபது. நான் ஏதாவது சொன்னேனா?"

"எனக்குத் தோள் ரெண்டும் இருக்கு."

"முட்டிதான் ரெண்டும் இல்ல," என்றாள் எல்லென், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

மாத்தே சிரிக்கவில்லை. "லேசான வண்டியா ஒண்ணு பாரு, ராவ்னா. மாட்டிக்கிட்டாலும் ஒத்தக் கையால எடுத்துடலாம். அது சரிப்படலன்னா, இந்த வருஷம் கடைசியில ஐலு வரட்டும். நீ கார்ல சாப்பாடு எடுத்துட்டு ரோட்டுப் பக்கமா வா."

"நான் கடைசியிலயா?" என்றான் ஐலு. "எனக்குத் தூக்கம் வந்துடும் மச்சான்."

ராவ்னா காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, அது மிருதுவாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கார். சாப்பாடு. ஒரு தடவை காரில் போனால் அடுத்த வருடமும் கார்தான். அது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

வண்டி விற்கும் தோர்கெய்ர் தெற்கிலிருந்து வந்து கடை போட்டவன். ஓட்டிப் பார்க்க இரண்டு நாளைக்குத் தருவதாகச் சொன்னான்.

"இருநூத்திப் பத்து கிலோதான் அக்கா. நீங்க எப்படி ஓட்டுவீங்க? மேடா, காடா, வேகமா?"

"மெதுவா."

"மெதுவான்னா?"

"மான் நடக்கிற மாதிரி."

அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

அந்த ஊரில் புது வண்டி எதுவானாலும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் சோதிப்பார்கள். அப்படித்தான் பழக்கம். சனிக்கிழமை காலை பத்துப் பதினைந்து பேர் காப்பிக் குடுவையோடு நிற்பார்கள். மேட்டில் ஏறி, உச்சியில் திரும்பி, நிற்காமல் இறங்கினால் வண்டி தேறிவிட்டது. ராவ்னாவும் ஏறினாள். புதுப்பனி முழங்கால்வரை கிடந்தது. லேசான வண்டி அதன்மேல் மிதந்தது. உடம்பைக் கொஞ்சம் சாய்த்தாலே திரும்பிற்று. இறங்கி வந்து இடது கையால் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தாள்.

"அடேயப்பா, தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டுறா," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"முடிஞ்சது," என்றார் மாத்தே. "இதுதான் உன் வண்டி."

அன்று மாலைவரை தோள் வலிக்கவில்லை. அந்த நிம்மதிதான் அவளை ஏமாற்றப் பார்த்தது. ஆனால் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட மேட்டில் ஏறும் வேலை தனக்கு இருந்ததில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மந்தையை ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏழு கிலோமீட்டர். வலப்பக்கம் ஐலு, பின்னால் ராவ்னா. இழுவைப் பலகையையும் மாட்டிக்கொண்டாள். முந்தின நாள் வெயிலில் இளகிய பனி குளிரில் இறுகி, சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. பயணத்தின்போதும் காலைப் பனி இப்படித்தான் இருக்கும். மான்கள் புதையாமல் நடக்க இந்த இறுக்கம் வேண்டும்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்த மாதிரி வண்டியின் என்ஜின், ஓடும்போது பட்டை வாரியடிக்கும் பனியில்தான் குளிர்கிறது. அவளுடைய பழைய வண்டியில் இதற்கு விசிறி உண்டு, இதில் இல்லை. இறுகிய தரையில் வாருவதற்குப் பனியும் இல்லை. தரையைக் கீறிப் பனித்தூள் எழுப்ப இரண்டு கம்பிகள் மாட்டிக் கொடுத்திருந்தான் தோர்கெய்ர். வேகமாகப் போனால் தூள் எழும்பும். மான் நடக்கிற வேகத்தில் அவை கோடு மட்டும் போட்டன.

வண்டியை நிறுத்திவிட்டுக் கைமண்வெட்டியால் சுரண்டி, இடது கையாலேயே பனி அள்ளிப் பட்டைக்குள் போட்டாள். ஆவி அடங்குவதற்குள் மந்தை முந்நூறு மீட்டர் போய்விட்டது. எட்டிப் பிடிக்க முறுக்கினாள். சத்தம் ஊசி மாதிரி கிளம்பியது. கடைசி வரிசை மான்கள் தலையைத் தூக்கின, அப்புறம் ஓடின. வயிறுகள் பக்கவாட்டில் குலுங்குவதைப் பார்த்து உடனே கையை எடுத்துவிட்டாள். மறுபடி விளக்கு. மறுபடி மண்வெட்டி.

ஐலு சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, வண்டிய ஓட்டுறீங்களா, குளிப்பாட்டுறீங்களா?"

"வாயை மூடிட்டு அந்தக் குட்டியப் பிடி."

சோர்ந்துபோன ஒரு வயதுக் குட்டியைப் பலகையில் கட்டினார்கள். சரிவில் குறுக்காகப் போகும்போது பலகை கீழே வழுக்கி, லேசான வண்டியின் வாலையும் கூடவே இழுத்தது. அதை நேராக்க அவள் வலது கையால் கைப்பிடியை இழுத்து முறுக்க வேண்டியிருந்தது. பழைய வண்டியில் அந்தச் சரிவை அவள் காப்பி குடித்துக்கொண்டே கடந்திருக்கிறாள்.

வலப்பக்கத்தில் மூன்று மான்கள் பிரிந்து பிர்ச் மரங்களுக்குள் போயின. மரத்தடியில் பனி இளக்கமாக, ஆழமாகக் கிடந்தது. ராவ்னா இறங்கினாள்.

"இத எடுத்துட்டுப் போ. உன் வண்டிய எனக்குக் குடு."

பலகையைத் தன் வண்டிக்கு மாற்றிக் கட்டிவிட்டு ஐலு லேசான வண்டியில் பறந்தான். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பத்தே நிமிடத்தில் மூன்றையும் திருப்பிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பனி, பல்லெல்லாம் தெரிந்தது.

"நல்ல வண்டிக்கா."

"நல்ல வண்டிதான். ஓடித் துரத்துற ஆளுக்கு," என்றாள் ராவ்னா. அவளுக்குக் கோபம் இல்லை. அந்த நாள் அவளைத் தோய்த்துப் பிழிந்துவிட்டிருந்தது. கையுறையைக் கழற்றக்கூட விரல் வரவில்லை.

மாலையில் மாத்தேயிடம் சொன்னாள். "அது வேணாம்ணா. பழசுலயே வர்றேன்."

"ஏரியில மாட்டிக்கிட்டா?"

"கூப்பிடுறேன்."

"நீயா?"

"நான்தான்."

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவ கூப்பிட்டிருக்கியா? நானே பின்னால வந்து பார்த்தா, 'எதுக்கு வந்தீங்க'ன்னு கேட்பே." மாத்தே முட்டியைத் தடவினார். "சரி. ஆனா ஒண்ணு. தனியாத் தூக்கினன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே நீ கார்ல."

ஏப்ரல் பதினொன்றில் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு நீண்ட ஏரி. மந்தை கடந்த பாதையில்தான் ராவ்னாவும் போனாள். ஆனால் மானைத் தாங்குகிற இடமெல்லாம் வண்டியைத் தாங்காது. நடு ஏரியில் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. சாம்பல்நிற நீர் பட்டையைச் சுற்றி ஊறி வந்தது.

இறங்கினாள். நீர் பூட்ஸுக்குள் போயிற்று. அவளை அறியாமலே அவள் பின்பக்கக் கைப்பிடிக்கு முன்னால் போய் நின்றிருந்தாள், கால்களை அகட்டி. பட்டையைச் சுற்றிய நீர் இன்னும் உறையவில்லை. பத்துத் தடவை தூக்கினால் வந்துவிடும். ஒருவேளை ஆறே போதும். யாரும் பார்க்கவில்லை.

முன்னால் மந்தை போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறம் தன்னைவிட்டுப் போவதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. எப்போதும் அதே தூரத்தில்தான் அது இருந்திருக்கிறது. இப்போது வால்களெல்லாம் சிறுத்து, ஒரே பழுப்புக் கோடாகிக்கொண்டிருந்தன.

பல்லால் கையுறையைக் கடித்து இழுத்துப் போனை எடுத்தாள்.

"அண்ணா. மாட்டிக்கிச்சு."

மறுமுனையில் என்ஜின் நின்றது. "தொடாதே. வர்றேன்."

இருக்கையில் உட்கார்ந்து ஈரக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அண்ணி கயிற்று மானை வாங்கிக்கொள்ள வேண்டும், மாத்தே முழு மந்தையையும் சுற்றி வர வேண்டும், தன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். இருபத்திரண்டு நிமிடம். தோள்வலியைவிட அதுதான் கனத்தது.

மாத்தே வந்து, கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கயிற்றை வீசினார். இடது கையால் கொக்கியை மாட்டினாள். இரண்டு இழுப்பில் வண்டி வெளியே வந்தது. அதற்கப்புறம் அவர் நேராக அவளிடம் வந்து, இருக்கையில் கிடந்த கையுறைகளை எடுத்து, உள்ளங்கைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மாட்டியிருந்தபோது பின்பக்கக் கைப்பிடி நீருக்குள் இருந்தது. தொட்டிருந்தால் கையுறை நனைந்திருக்கும்.

காய்ந்திருந்தன. திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப யோசிச்சியா?"

"கொஞ்சம்."

"அங்க பாரு."

அக்கரையில் மந்தை படுத்திருந்தது. யாரும் நிறுத்தவில்லை, அதுவாகவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எல்லென் தன் வண்டிமேல் சாய்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தாள்.

"அதுங்களும் களைச்சுதான் இருக்கு," என்றார் மாத்தே. "இன்னும் மூணு ஏரி வரும். மூணுலயும் மாட்டினா மூணு தடவையும் கூப்பிடு."

"கூப்பிடுறேன்."

"காலுறைய மாத்து மொதல்ல."

அவர் கிளம்பிப் போனார். ராவ்னா காலுறையை மாற்றிக்கொண்டு, மந்தையிடம் வந்து, வழக்கமான தூரத்தில் வண்டியை நிறுத்தினாள். முன்னால் கயிற்று மான் எழுந்தது. ஒவ்வொன்றாக மற்றவையும் எழுந்தன. கனத்த வயிற்று மான் ஒன்று மட்டும் கடைசிவரை எழவில்லை. அது முன்னங்காலை மடித்து, யோசித்து, மறுபடி படுத்தது. ராவ்னாவும் அவசரப்படவில்லை. அதற்கு எழ மனம் வரும்வரை, வலது முழங்காலை இருக்கையில் ஊன்றிக் காத்திருந்தாள்.