பால் பொங்க ஒரு மணி நேரம்

அந்த அடுப்பின் நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். ஆனால் பதுளையில் இரண்டு வருடம் கட்டட வேலை படித்துவிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த மாதமே சொந்தத் தோட்டத்தில் வேலையும் கிடைத்தவளை யாரால் சும்மா இருக்கச் சொல்ல முடியும்?

மடுல்சீமைப் பக்கம், எங்கள் லயத்துக்கு மேலே தேயிலை பிடுங்கிவிட்ட ஒரு சரிவில், சூழலைக் கெடுக்காத வீடு ஒன்றை முன்மாதிரியாகக் கட்டினார்கள். வரைபடம் போட்டவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள மிஸ். கட்டியவர் எங்கள் தோட்டத்துக் கொத்தனார், மேசன் பாஸ். இரண்டு பேருக்கும் நடுவில் நான். மிஸ் சொல்வதைத் தமிழாக்கி பாஸிடம் சொல்வேன். பாஸ் முணுமுணுப்பதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சிங்களத்தில் மிஸ்ஸிடம் சொல்வேன். வந்து பார்ப்பவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி விளக்குவதும் என் வேலைதான். அதில்தான் வினை.

எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய அறைகளில், பன்னிரண்டு குடும்பம். அதில் எட்டுக் குடும்பமாவது "எங்களுக்கும் இதே வீடு வேண்டும்" என்று கையெழுத்து வைத்தால் அந்தச் சரிவிலேயே பன்னிரண்டு வீடு வரும். எட்டு தேறாவிட்டால் திட்டம் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். இந்த முதல் வீட்டில் பால் காய்ச்சும் அன்றே கையெழுத்து. பன்னிரண்டில் ஒன்று நாங்கள். அப்பா, அம்மா, தம்பி, நான், நாலு பேருக்கும் ஒரே காம்பரா, ஒரே அறை. உடுப்பு மாற்றுவதற்கு ஒவ்வொரு தரமும் மூன்று பேரை வெளியே அனுப்ப வேண்டியிருந்தால் உங்களுக்கும் வீட்டு ஆசை வரும். எனக்குத் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு வேண்டும். வேறு பெரிய லட்சியம் எதுவும் அப்போது இல்லை.

வீடு உண்மையிலேயே நல்ல வீடு. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் அதன் முதுகுப் பக்கத்து மண்மேட்டைத்தான் பார்ப்பார்கள். இங்கே மேடே கிடையாது. மலையை வெட்டாமல், சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே வீட்டையும் இரண்டு படியாக இறக்கியிருந்தார் மிஸ். சுவர் முழுக்க அதே சரிவின் மண். கொஞ்சம் சீமெந்து கலந்து, இரும்புப் பெட்டியில் வைத்து அழுத்தி, நிழலில் காயவைத்த கல். பூச்சு கிடையாது, செம்மண் நிறம் அப்படியே தெரியும். கூரைத் தண்ணீர் பீலி வழியாகத் தொட்டிக்குப் போகும். மழையின் முதல் தண்ணீர் மட்டும், கூரை அழுக்கோடு, தனிக் குழாயில் வெளியே போய்விடும். சமையலறையில் கழுவிய தண்ணீர் பின்னால் கல்வாழைப் பாத்திக்குப் போகும். கூரை மேல் இரண்டு சோலார் தகடு.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது குளியலறைச் சுவர். அதில் வெறும் போத்தல்களைப் படுக்க வைத்துக் கட்டியிருந்தோம். காலையில் வெயில் பட்டால் தரையில் பச்சையும் தேன் நிறமுமாக வட்டம் வட்டமாக வெளிச்சம் விழும். போத்தல்கள் வேறு எங்கிருந்தும் வரவில்லை. லயத்துப் பின்பக்கச் சாக்கடைக் கானில் ஒரு வாரம் பொறுக்கினேன், சுவருக்குப் போகவும் மிஞ்சியது.

பால் காய்ச்சுவதற்கு ஐந்து வாரம் இருக்கையில், ஒரு நாள் சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துப் பெண்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். முன்னால் எங்கள் அத்தை. அப்பாவின் அக்கா. இரண்டு மாடு வைத்திருப்பவர். லயத்தில் அவர் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போத்தல் சுவரைப் பார்த்ததும் அத்தை நின்றார்.

"ஏன்டி, இது சாராயப் போத்தலுதானே?"

"ஆமாங்க அத்த."

"எங்க வூட்டுக்காரரு குடிச்சி அழிச்சதுல ஒரு செவுரே எழும்பியிருக்கு. மனுசன் ஒண்ணுக்கும் ஒதவலன்னு சும்மா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சமையலறைக்குக் கூட்டிப் போய், அடுப்பைத் திருகி, நீலமாக எரியவிட்டேன்.

"பாருங்க, வெறகு இல்ல, பொக இல்ல, சிலிண்டரு தூக்கிக்கிட்டு வர வேண்டியதும் இல்ல. மாட்டுக் கொட்டில் சாணியும் கக்கூஸ் தண்ணியும் கீழ ஒரே டேங்குக்குப் போவுது. அது புளிச்சி கேஸாகி இங்க வருது. இதுலதான் பால் காய்ச்சப் போறோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"என்னாது?" என்றார் அத்தை.

"மீத்தேன் அத்த. எல்லாம் ஒரே வாயுதான். சாணியில வந்தாலும் சரி, மத்ததுல வந்தாலும் சரி..."

"எந்த மத்தது?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கிருமி எல்லாம் செத்துப் போகும், இது விஞ்ஞானம், வெளிநாட்டில் எல்லாம் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அத்தை கொழுந்துச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலேஜுக்கு அனுப்புனதுக்கு நல்லாத்தான் படிச்சிட்டு வந்திருக்க. பேண்டது அடுப்புக்கு வருமாம், அதுல பொங்குன பால சாமிக்கு வைக்கணுமாம். சாமி அடுத்த தோட்டத்துக்கு ஓடிரும்டி."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கக் கூடி நிற்கும் இடத்தில், அந்த வீட்டுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கக்கூஸ் வீடு. கங்காணி கூட என்னைப் பார்த்து, "என்ன புள்ள, இன்னைக்கு என்னா சமையல்?" என்றார். கையெழுத்து வைப்பதாக அதுவரை சொல்லியிருந்த ஒன்பது வீடு இரண்டாகக் குறைந்தது. ஒன்று எங்கள் வீடு. அதிலும் அம்மா இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? கேஸு வருதுன்னு சொன்னா போதாதா? வம்சாவளி எல்லாம் யாரு கேட்டா?"

மிஸ்ஸிடம் சொன்னேன். சரி, பாலை மட்டும் வெளியே விறகில் காய்ச்சலாமே என்றார். அவருக்கு அது புரியாது. புது வீட்டில் முதல் பால் அந்த வீட்டு அடுப்பில்தான் பொங்க வேண்டும். வெளியே காய்ச்சினால், உள்ளே உள்ள அடுப்பு தீட்டு என்று நாமே ஊருக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரி. கக்கூஸ் குழாயை வெட்டி அதற்குத் தனிக் குழி தோண்டுவோம், டேங்குக்கு மாட்டுச் சாணி மட்டும் என்றேன். மிஸ் முகம் சுருங்கியது. கக்கூஸிலிருந்து டேங்குக்குப் போகும் அந்த அம்புதான் அவர் வரைபடத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே அதை அழித்து வேறு அம்பு போட்டு அனுப்பினார்.

அந்தத் தாளோடு பாஸையும் கூட்டிக்கொண்டு அத்தையின் இஸ்தோப்புக்குப் போனேன். லயத்து முன்வாசல் அது, ஒரு பெஞ்சு போட்டால் நிறைந்துவிடும். அத்தை கேட்டுக்கொண்டார். சாணி என்றால் பேச்சே இல்லை, வாசல் மெழுகுகிற பொருள்தானே.

"சரி. ஆனா டேங்குல இப்ப என்னா இருக்கு?"

"சாணிதான் அத்த. அந்தக் கக்கூஸுக்கு இன்னும் ஒருத்தரும் போனதே இல்ல."

பக்கத்தில் பாஸ் தொண்டையைச் செருமினார். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ நாள்ல..." என்றார். "ரெண்டு தரம்."

"ரெண்டு தரமா?" என்றார் அத்தை.

"மூணு இருக்கும்."

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். டேங்கைக் காலி பண்ணு.

பாஸ் மூன்று நாள் வாளியில் அள்ளித் தேயிலைக் குழிகளில் கொட்டினார். போகிற வருகிற எல்லாரும், "பாஸ், சொந்தச் சரக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அடுத்த வாளியை இறக்கினார்.

காலி டேங்கில் புதுச் சாணியை மட்டும் போட்டால் எங்கள் குளிருக்கு அது புளித்து வர மாதக்கணக்காகும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, ஏற்கனவே நன்றாக வேலை செய்யும் ஒரு டேங்கிலிருந்து கொஞ்சம் கரைசல் வேண்டும். அதுவும் மாட்டுச் சாணிக் கரைசலாக மட்டும் இருக்க வேண்டும். விசாரித்ததில் வெலிமடையில் உருளைக்கிழங்கு போடும் ஒருவரிடம் இருந்தது. இரண்டு கேனில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். உள்ளே என்ன என்று கொண்டக்டர் கேட்டதற்குத் தோட்டத்து மருந்து என்றேன். பதுளைக்கு இறங்கும் வளைவுகளில் ஒரு மூடி மெல்ல மேலே எழும்பிவிட்டது. வெளியே நல்ல மழை. இருந்தும் எல்லாரும் ஜன்னலைத் திறந்தார்கள். பக்கத்து ஸீட்டில் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா.

"தங்கச்சி, மருந்து நல்ல வீரியம்," என்றார். "ஒரு கெழமையா மூக்கடப்பு எனக்கு. இப்ப சொகம்."

சாணி போடுகிற நாளில் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தை வந்து டேங்கு வாயில் கல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அத்தை என்ன கூத்தாடுகிறார் என்று பார்க்க மற்றவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் கையை வீசிக்கொண்டு வரவில்லை, மாடு இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கூடை கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கூடையையும் அத்தை எட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஒரு கூடையைத் திருப்பியும் அனுப்பினார். அதில் ஆட்டுப் புழுக்கை கலந்திருந்ததாம்.

பிறகு காத்திருப்பு. முதலில் வரும் வாயு எரியாது, அதைத் திறந்து விட்டுவிட வேண்டும். தினமும் காலையில் போய்த் தீக்குச்சி கிழித்தேன். தினமும் அணைந்தது. இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது வாரமும் போயிற்று. பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் இருக்கையில் குச்சி முனையில் ஒரு நீலம் ஒட்டிக்கொண்டு நின்றது. என் சுண்டு விரல் அளவு. நான் அங்கேயே தனியாக ஆடினேன். பாஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அந்த நாள் வந்தபோது மலை முழுக்கப் பனி மூட்டம். மாரியம்மன் கோயில் ஐயர் வந்து சாமி படம் வைத்தார். அம்மா புதுப் பானையில் மஞ்சள் கட்டி, அத்தை வீட்டு மாட்டுப் பாலை ஊற்றினார். அடுப்பைப் பற்றவைத்தேன். நீலம் வந்தது. வந்தது, ஆனால் பூனை நாக்கு மாதிரி பானையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் எல்லாரும் பானையைச் சுற்றி நின்றார்கள். பாலில் ஆவி கூட இல்லை.

"இது இன்னைக்குப் பாலா, நாளைக்குப் பாலா?" என்று யாரோ கேட்டார்கள்.

அத்தை அசையவில்லை. "பொங்குனாத்தான் கையெழுத்து. பொங்கலன்னா அவங்க அவங்க காம்பராவுக்குப் போங்க," என்று பானைக்கு நேரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மிஸ் கையில் கையெழுத்துத் தாள், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. குழாயைத் தட்டிப் பார்த்தேன், திருகைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு மேல் செய்ய என்னிடம் படிப்பும் இல்லை.

நின்று நின்று கால் வலித்து ஆட்கள் வீட்டுக்குள் சிதறினார்கள். மழை பிடித்துக்கொண்டதால் வெளியே போகவும் முடியவில்லை. ஒருத்தி சோலார் ப்ளக்கில் போனைச் சார்ஜுக்குக் குத்தினாள். இரண்டு பேர் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நிற்பவளைக் கண்டபடி திட்டிவிட்டு, கேட்டதா என்று வந்து கேட்டார்கள். கேட்கவில்லை. லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு வீட்டில் தும்மினால் பன்னிரண்டாவது வீட்டில் வாழ்த்துவார்கள். மறுபடியும் திட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் கேட்கவில்லை.

"அப்ப பக்கத்து வூட்டுச் சண்டயும் கேக்காதா?" என்றார் அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அக்கா.

"கேக்காது," என்றேன்.

"பொழுது எப்பிடிடி போவும்?" என்று கேட்டுக்கொண்டே கதவை இன்னும் ஒரு தரம் சாத்திப் பார்த்தார். அப்புறம் தாழ்ப்பாளைப் போட்டார். நாலைந்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். உள்ளே என்ன செய்தார் என்று கேட்டதற்கு, சும்மா இருந்தேன் என்றார்.

இன்னொருத்தர் குளியலறையில் தன் புருஷனின் போத்தலைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். மழைத் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டு ஆண்கள் அதைச் சுற்றிக் குந்தினார்கள். இனிமேல் மலை ஊற்றுப் பீலிக்குக் குடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாமா என்று என்னிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். இந்தத் தரம் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். விஞ்ஞானம் பேசவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். "ஏய்," என்று அத்தையின் குரல். ஓடிப் போனோம். பாலின் விளிம்பு மெல்ல எழும்பி, கழுத்தில் கொஞ்சம் நின்று யோசித்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. அம்மா குலவை போட்டார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஐயர் மணியை விடவே இல்லை. அம்மா அழுதாரா, பனிக்கு மூக்கு உறிஞ்சினாரா என்று தெரியவில்லை, பாலில் முதல் கரண்டியை என் டம்ளரில்தான் ஊற்றினார்.

அத்தை முக்காலியிலிருந்து எழுந்து சேலையை உதறினார். பெரிய தீர்ப்பு சொல்லப் போகிறவர் மாதிரி மிஸ்ஸிடம் கையை நீட்டினார்.

"குடு. நான் மொதல்ல வைக்கிறேன், பொறகு அவளுங்க வைப்பாளுங்க."

மிஸ் தாளைக் கொடுத்தார். அதில் பதினொரு கையெழுத்து ஏற்கனவே இருந்தது. பால் சூடேறிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருத்தராக வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கே தெரியாது.

அத்தை தாளை மேலேயும் கீழேயும் பார்த்தார். "பால் பொங்கவே இல்லியே, எப்பிடிடி வச்சீங்க?"

"நீதான் பொங்குறத பாத்துக்கிட்டு இருந்தியே," என்றார் அம்மா. "நாங்க வூட்டப் பாத்தோம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசி வரியில் கையெழுத்தை அழுத்தமாக வைத்துவிட்டு, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். ஒரு இடத்தில் நின்று, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து நிலத்தை அளந்தார்.

"என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? என் மாடு ரெண்டும் இங்கதான் நிக்கும். மொளய அடிச்சி வையி."

நானும் பாஸும் முளைக்குச்சியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஓடினோம்.