புரியாமல் சொன்ன "யெஸ்"

என் மகள் மெல்பர்னில் நர்ஸ் ஆவதற்கான தாதிமைப் படிப்பு படிக்கிறாள். கல்வி உதவிநிதி கிடைத்தபோது, அதை வழங்கும் சிங்கப்பூர் அலுவலகத்தினர் விதிகளைப் போனில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். பாதி புரியவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு "யெஸ், யெஸ்" என்றேன்.

இரண்டாம் தவணையின்போது மகள் அழைத்தாள். "உதவிநிதி வரலைம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டலன்னா என் இடம் போயிடும்."

உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறி அந்த அலுவலகத்துக்கு நேரில் போனேன். ஒவ்வொரு தவணைக்கும் என் சம்பளச் சீட்டை அனுப்ப வேண்டுமாம்.

"போன்ல புரியுதுன்னு சொன்னீங்களே, ஆன்ட்டி?" என்றாள் அங்கிருந்த தமிழ்ப் பெண்.

"புரியலம்மா. கேட்க வெட்கமா இருந்துச்சு."

என் கைபேசியில் இருந்த சீட்டை வாங்கி அவள் உடனே பதிவேற்றினாள். வியாழக்கிழமை பணம் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் யார் பேசினாலும் மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். போன வாரம் அடுத்த தவணை பற்றி விசாரிக்க அழைத்தபோது அந்தப் பெண்ணையே மூன்று முறை சொல்ல வைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லட்டா, ஆன்ட்டி?" என்று சிரித்தாள்.

"சொல்லும்மா" என்றேன்.