ராமையா அண்ணனின் மூன்று சக்கர மோட்டார்

போன வாரம் ரவாங்கில் ஒரு பேரங்காடி வாசலில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. கண் கூசும் பளபளப்பு. இளவட்டங்கள் சுற்றி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். "இந்த மாதிரி பார்த்திருக்கீங்களா அங்கிள்?" என்றான் ஒருவன். செயினில் புதிதாகத் தடவிய கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. அவனிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு சீனர் பட்டறையில் மோட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத வண்டியே இல்லை என்ற நினைப்பு வேறு. பக்கத்துத் தோட்டத்து ராமையா அண்ணன் அப்போதுதான் எனக்குப் பழக்கமானார். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சரிந்து வலது காலை இழந்தவர். நிர்வாகம் மாதாமாதம் சின்னதாக ஓர் உதவி கொடுத்துவந்தது. தொழிலாளருக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு, செம்பனைக் காட்டு வேலைக்குப் போன அவர் மனைவி பாப்பாத்தியக்காவின் தயவில் இருந்தது.

கிள்ளானிலிருந்து அவர் மைத்துனர் ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே இரண்டு சின்னச் சக்கரங்கள், நீளமான அச்சு, கை நிறைய நட்டு போல்ட்டு. அண்ணனின் பழைய மோட்டாரின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். ஒரு நாள் வேலை என்று சொன்னேன். மாதம் ஓடிவிட்டது. அச்சு விரற்கடை விலகி நின்றதில் செயின் கழன்று கழன்று விழுந்தது. அதை நேராக்கினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஒரு சக்கரம் மற்றதை முந்திக்கொண்டு நின்றது. வலது காலால் மிதிக்கும் பின் பிரேக்கை இடது கைக்குக் கொண்டுவந்தேன். அந்த வண்டிக்குக் கிளட்ச் பிடி கிடையாது, அந்தக் கை சும்மாதானே இருந்தது.

ஓட்டிப் பார்க்க முதலில் ஏறியது நான்தான். இரண்டு சக்கரப் பழக்கத்தில் வளைவில் உடம்பைச் சாய்த்தேன். மூன்று சக்கரம் சாயாது, கைப்பிடியைத்தான் திருப்ப வேண்டும். நேராகக் கால்வாயில் போய் இறங்கினேன்.

"ரெண்டு காலு இருந்தும் நீயே விழுறியே தம்பி" என்றார் ராமையா அண்ணன். விபத்துக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்ததாகப் பாப்பாத்தியக்கா சொன்னார்.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. மகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவார், மனைவியை வேலைக்காட்டில் இறக்குவார். ஒரு முறை பாகான் நக்கோடா ஓமார் வரை போய்க் கருவாடு வாங்கிவந்து எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார். அந்தத் தெம்பில்தான் தோட்டத்து நுழைவாயிலில் காவல் வேலை கேட்டார். கால் இல்லாதவருக்குக் கொடுக்க முடியாது என்றது ஆபீஸ். கொஞ்ச நாளில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டு, மோட்டார் ஓட்டுகிறவருக்கு உதவி எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார்.

பட்டறைக்கு வந்தவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"வேலை கேட்டா நொண்டிங்கிறான். உதவி கேட்டா நீ நல்லாத்தான இருக்கேங்கிறான். நான் யாருன்னு அவனே சொல்லட்டும் லா."

தொழிற்சங்கத்துக்காரர் பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் பாப்பாத்தியக்கா தனியாக வந்தார். மகளுக்கு அடுத்த வருடம் இடைநிலைப்பள்ளி. அக்காவின் சம்பளம் மட்டும் எதற்கும் போதவில்லை.

"அந்தச் சக்கரத்தக் கழட்டிருங்க தம்பி. அவருகிட்ட பேசிட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

லயத்துக்குப் போனேன். ராமையா அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மாட்டும்போது கூடவே இருந்து பார்த்தவர், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, தவழ்ந்து வீட்டுக்குள் போனார். கிராணி வந்து, சக்கரம் கழன்ற வண்டியைப் பார்த்தார். உதவி திரும்பக் கிடைத்தது. அதன்பின் ராமையா அண்ணனை நான் பட்டணத்தில் பார்க்கவில்லை.

தோட்டம் பிறகு கைமாறியது. லயத்தை இடித்து, சனங்களை லோரி லோரியாக ஏற்றி அனுப்பினார்கள். செம்பனை நின்ற இடத்தில் இப்போது வரிசை வீடுகள். பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பெயரும் போய், ஊர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், எந்தத் தோட்டம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். ராமையா அண்ணன் சுங்கை சோவில் மகள் வீட்டில் இறந்துபோனார் என்று யாரோ சொன்னார்கள். எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னவருக்கே தெரியவில்லை.