செருப்பை மாட்டச் சொன்ன வாய்

ஜானகிக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது. மர்பி டவுனில் பிறந்து, அதே மர்பி டவுனில் நாலு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டவள். தண்ணீர் லாரிக்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், வாசலில் குப்பை கொட்டுகிற எதிர்வீட்டுக்காரி என்று அவள் வாயில் விழாத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. கத்துவாள், கொட்டித் தீர்ப்பாள், சாயங்காலம் அதே எதிர்வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள். ஆனால் போன ஆயுத பூஜையிலிருந்து அவளுக்குள் கனன்றுகொண்டிருந்தது அந்த ரகம் இல்லை.

அவள் புருஷன் இளங்கோவன் லிஃப்ட் மெக்கானிக். அவனிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. பட்டனைத் தட்டினால் கிளம்புகிற வண்டி இல்லை, உதைத்தால்தான் உயிர் வரும். அன்றைக்கு வண்டியைக் கழுவி, ஹெட்லைட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நடுத்தெருவில் பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை போட்ட வண்டிக்கிட்டே செருப்போடு யார் போவார்கள்? இளங்கோவனும் வெறுங்காலோடுதான் போனான். வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிக்கரில் கால் வைத்தான். ஜானகி வாசலிலிருந்து கத்தினாள்.

"யோவ், வெறுங்காலோட உதைக்காதய்யா! செருப்ப மாட்டு!"

திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு உதைத்தான். கிக்கர் பாதி தூரம் போய், போன வேகத்தில் திருப்பி அடித்தது. கணுக்கால் எலும்பு நொறுங்கிவிட்டது.

அதற்கு அவனைப் பெற்ற ரத்தினம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "சாமி கும்பிட்ட வண்டி முன்னாடி நின்னுகிட்டு செருப்பு செருப்புன்னு வாய வெச்சாளே! எம்புள்ள காலு போச்சே!"

நல்லதுக்குச் சொன்ன வாய், நாற வாய் ஆகிவிட்டது. கொழுந்தன் தினேஷ் புது ஸ்கூட்டர் எடுத்தபோது அண்ணிக்குக் காட்டவில்லை. நாத்தனார் மகள் சடங்கில் ஜானகி கையிலிருந்த ஆரத்தித் தட்டை, "நீ இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று நைசாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கினவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள், அதைத்தான் ஜானகியால் தாங்க முடியவில்லை. கட்டினவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். காலில் பிளேட் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தான்.

இந்த வருஷம் பூஜை நெருங்கியதும் ரத்தினம்மாள் அடுத்த குண்டைப் போட்டாள். வண்டி இந்த வீட்டில் இருக்க வேண்டாமாம். பூஜை முடிந்த கையோடு தினேஷ் ஓட்டிக்கொண்டு போய்விடட்டுமாம். "இவ கண்ணு படாத எடத்துல இருக்கட்டும்."

ஜானகி சோற்றுக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். வண்டி அப்படிப் போனால், அவள் வாய் வைத்துத்தான் கால் உடைந்தது என்று கல்லில் வெட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். செத்த பிறகும் அதைத்தான் சொல்வார்கள்.

"வண்டி எங்கயும் போவாது. இந்த வருஷம் நான் உதைக்கறேன்."

தினேஷுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணி, உங்க வெயிட்டுக்குக் கிக்கர்தான் உங்கள உதைக்கும்."

அவள் வேலை செய்கிற ஹோட்டல் லாண்டரியில் பிரிஜெட் என்று ஒருத்தி. விவேக் நகர்க்காரி, ஜானகியைவிடச் சின்னவள். டியூட்டிக்கும் புல்லட், கோயிலுக்கும் புல்லட். ஜானகி விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஷூ இருக்காக்கா?" என்பதுதான். லாண்டரியில் கொடுத்த, கணுக்காலை மூடுகிற சேஃப்டி ஷூ இருந்தது. கொதிக்கிற தண்ணீருக்காகக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் விவேக் நகர் கிரவுண்டில், பிரிஜெட்டின் புல்லட்டில் பாடம் நடந்தது. முதல் நாள் ஜானகி மாமியாரை நினைத்து ஒரு உதை, கொழுந்தனை நினைத்து ஒரு உதை விட்டாள். வண்டி இருமக்கூட இல்லை. மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கினபோது பிரிஜெட் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"அக்கா, கோவத்த வாயில வெச்சுக்குங்க, கால்ல வேணாம். கோவத்துல உதைச்சா இது திருப்பி உதைக்கும். முதல்ல கிக்கர மெதுவா அமுக்குங்க. ஒரு எடத்துல கெட்டியா நிக்குதா? பிஸ்டன் மேல ஏறி நிக்குது. இங்கேருந்து உதைச்சாதான் காலு ஒடையும். இப்ப ஹேண்டில்ல இருக்கற இந்தக் குட்டி லீவரப் புடிங்க. புடிச்சுகிட்டே ஒரு துளி தள்ளுங்க, மீட்டர் முள்ளு நடுவுக்கு வரட்டும். ஆங், வந்துச்சு. லீவர விடுங்க, கிக்கர மேல வர விடுங்க."

"இப்ப?"

"இப்ப உதைங்க. முட்டி லேசா மடங்கி இருக்கணும். கடைசி வரைக்கும் போவணும். பாதியில மனசு மாறக் கூடாது."

அன்றைக்குக் கிளம்பவில்லை. அடுத்த ஞாயிறு கிளம்பியது. தடதடவென்று அது பேச ஆரம்பித்ததும் ஜானகிக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது. இவ்வளவுதானா? இந்த ஒரு முள்ளைப் பார்க்காமல், ஒரு ஷூவை மாட்டாமல் அவன் காலை உடைத்துக்கொண்டதற்கா நான் இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன்?

பூஜைக்கு முந்தின ஞாயிறு வீட்டு வாசலிலேயே புல்லட்டை நடு ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்துப் பார்த்தாள். இளங்கோவன் பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துணி அலசிவிட்டு ஈர ஷூவோடு வந்திருந்தாள்.

"ஏய், அடிய தொடச்சிக்கோடி. ஈரத்தோட ஏறாத" என்றான். "அன்னைக்கு எனக்கு அதான ஆச்சு. பூசணிக்காய மிதிச்சுட்டு அப்படியே ஏறிட்டேன். பாதியில கிக்கர்லேருந்து காலு வழுக்கிடுச்சு."

ஜானகி கிக்கரிலிருந்து காலை எடுத்தாள்.

"என்ன சொன்ன?"

அவன் முகம் மாறிவிட்டது. உளறிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"தெரியுமா உனக்கு? வழுக்கித்தான் அடிச்சுதுன்னு மொதல்லேருந்தே தெரியுமா?"

"தெரியும்... எல்லாரும் நின்னாங்க ஜானகி. பூசணிக்காய மிதிச்சு வழுக்கிட்டேன்னு எப்படி சொல்றது? சிரிப்பாங்க. அப்புறம் அம்மாவே ஏதோ சொன்னாங்க, நானும் விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? ஆரத்தித் தட்டக் கையிலேருந்து புடுங்கினாங்கன்னு சொன்னப்போ கேட்டுகிட்டுதானய்யா படுத்திருந்த! உம்மேல நாலு பேரு சிரிக்கக் கூடாது, எம்மேல ஊரே காறித் துப்பலாமா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அதற்குமேல் அவள் கத்தவில்லை. அவள் கத்தாதது இளங்கோவனுக்குக் கிலியாக இருந்தது. ராத்திரி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, நடுத்தெருவில் தினேஷ் பூசணிக்காயைப் போட்டு உடைத்தான். சிவப்புச் சதை வண்டியடி வரைக்கும் தெறித்தது. ஜானகி வீட்டுக்குள் போய் ஷூவை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"அடிப் பாவி! சாமி வண்டிய ஷூவால மிதிக்கிறியா?" என்று ரத்தினம்மாள் அலறினாள். சந்தே எட்டிப் பார்த்தது.

ஜானகி ஷூவின் அடியைச் சாக்கில் அழுத்தித் துடைத்தாள். கிக்கரை மெதுவாக அமுக்கினாள், கெட்டியாக நின்றது. லீவரைப் பிடித்து, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, லீவரை விட்டாள். கிக்கர் மேலே வந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யோவ், சொல்லு."

இளங்கோவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணி, நல்ல நேரம் முடியப் போவுது" என்றான் தினேஷ்.

"முடியட்டும். இவரு சொல்லாம இந்த வண்டி கிளம்பாது. நாளைக்கும் இங்கயே நிப்பேன்."

கற்பூரம் அணைந்தது. யாரும் நகரவில்லை. கடைசியில் இளங்கோவன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றான்.

"பூசணிக்காய மிதிச்ச காலும்மா. வழுக்கிடுச்சு. அவ செருப்ப மாட்டுன்னு சொன்னா, நான்தான் கேக்கல. அவ வாயில ஒண்ணும் இல்ல."

ஜானகி உதைத்தாள், கடைசி வரைக்கும். ஒரே உதையில் புல்லட் பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டிலிருந்து இறக்கி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி நசுக்கினாள், மறுபடி ஸ்டாண்டில் போட்டு அணைத்தாள்.

தினேஷுக்கு மானம் போன மாதிரி இருந்திருக்க வேண்டும். "தள்ளுங்க அண்ணி, நான் ஒரு உதை விடறேன்" என்று பூசணிக்காய்ச் சதையை மிதித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தான்.

"வெறுங்காலோட உதைக்காத!" என்று கத்தினாள் ஜானகி. போன வருஷம் சொன்ன அதே சொல், அதே சத்தம்.

எல்லோரும் ரத்தினம்மாளைத்தான் பார்த்தார்கள். கிழவி வண்டியைப் பார்த்தாள், மூத்த மகனின் ஊன்றுகோலைப் பார்த்தாள். ஜானகி முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"டேய் தினேஷு, போய் ஷூ மாட்டிட்டு வாடா."

ஜானகி சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு வருஷம் லேட்டு, அத்தை" என்றாள்.