அறைக்குள் உருண்ட நூற்கட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் இறந்தார். நாவிதன்வெளிப் பக்கம் நெல் ஏற்ற அவர் போன லொறி வாய்க்காலுக்குள் புரண்டுவிட்டது. ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துப் போன அன்றே எனக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டின் நடு அறையில் இத்தா இருத்தினார்கள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அங்கேயே இருக்க வேண்டும். யன்னலைச் சாத்தி, கதவில் தடித்த திரையைத் தொங்கவிட்டார்கள்.

உள்ளே என்னோடு மகள் இருந்தாள். மூன்று வயது நெருங்கியும் அவள் கதைக்கத் தொடங்கவில்லை. காது கேட்கும், சொன்னது விளங்கும். வேண்டியதை விரலால் காட்டி "ம்" என்பாள். விரல் நீளுமுன்பே யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அநேகமாக அது என் அக்கா, ராத்தாவாக இருக்கும். ஒரே வேலிக்குள் இருந்த வளவில் அடுத்த வீட்டில் இருந்தவள். எங்கள் சமையலையும் அவளே பார்த்துக்கொண்டாள். மகளிடம் கேள்வி கேட்டு, பதிலையும் தானே சொல்லுவாள்.

"தண்ணியா வேணும்? ஓம், என்ட கிளிக்குத் தண்ணி வேணுமாம்."

பார்க்க வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்து, என் விதியைப் பற்றி என் முன்னாலேயே தங்களுக்குள் கதைத்தார்கள். "வாப்பா மௌத்தான கவலையில புள்ளைக்கு நாக்குக் கட்டிப் போச்சு" என்றாள் ஒருத்தி. அதற்கு முன்பும் மகள் பேசியதில்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. பகலில் ஓட்டின் சூடு இறங்கி அறை வெந்தது. முற்றத்தில் ஆண்குரல் கேட்டால் இருமலைக்கூட அடக்கிக்கொள்வேன். திரையைப் பிய்த்தெறிந்து கடற்கரைக்கு ஓட வேண்டும் போலிருக்கும். ஓடவில்லை.

ஒரு பிற்பகல் மகள் தையல் மெசினின் லாச்சியை இழுத்து, நூல் தீர்ந்த கட்டை ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டினாள். அது என் காலில் முட்டியது. திருப்பி உருட்டினேன். வேறு செய்ய எதுவுமில்லை. போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு தடவை கட்டை என் கைக்கு வந்தபோது ஏனோ உருட்ட மனம் வரவில்லை. களைப்பு. கையில் வைத்தபடி சும்மா இருந்தேன். அவள் விரலைக் காட்டினாள். நான் அசையவில்லை. எழும்பி வந்து, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றவள், "தா" என்றாள்.

உருட்டினேன். அடுத்த முறை வேண்டுமென்றே காத்திருந்தேன். "தா." பிறகு கட்டை அவளிடம் இருக்கும்போது நான் "தா" என்றேன். அவளும் என்னைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் உருட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் விளையாடினோம். சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, "உம்மா எங்க?" என்பேன். அவள் இழுத்துப் பார்த்து "இந்தா" என்பாள். அடுத்தது அவள் மூட, நான் தேடுவேன். பொறுத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சொல் அவள் உதட்டில் தடுமாறும்போது அதை எடுத்துக் கொடுக்க என் நாக்குத் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒருநாள் இருவரும் சிரித்தது வெளியே கேட்டுவிட்டது. ராத்தா திரையை விலக்கினாள்.

"இத்தா இரிக்கிற பொம்புள சிரிக்கிறது ரோட்டுக்குக் கேக்குது. சனம் என்ன கதைக்கும்?"

"புள்ள கதைக்கிறாள் ராத்தா. அவள் வாயால கேக்கும் மட்டும் நீங்களும் ஒண்டும் குடுக்காதங்க."

"தாகத்துல புள்ளைய அழ வைக்கச் சொல்றியா? நீ சத்தம் போடாம இரி."

அதன்பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளையாடினோம்.

ராத்தாவின் கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் இறங்கிய காலையில் மகள் திரைக்கு வெளியே ஓடினாள். அறை வாசலில் நின்று திரும்பி, திரையின் ஓரத்தால் கையை நீட்டி, "உம்மா, வா" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலி அடைக்க வந்த ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். நான் எழும்பவில்லை.

"நீ வா" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்து அவளும் "நீ வா" என்றாள். "நீ வா" என்றேன் மறுபடியும். அப்படியே மாறிமாறிச் சொன்னோம். பிறகு நான் வரப்போவதில்லை என்பது அவளுக்கு விளங்கியது. வாசற்படியிலேயே குந்தி அழுதாள். நான் தரையோடு தரையாக நகர்ந்து போய், திரைக்கு அடியால் கையை விட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தா முடிந்து குளித்த அன்று காக்கா, எங்கள் மூத்த சகோதரர், கூடத்தில் உட்கார்ந்து ராத்தாவிடம் சொன்னார்: "கொஞ்சக் காலம் போகட்டும். மறுகா இவளுக்கு ஒரு இடம் பேசுவம்."

"என்னயும் கேளுங்க காக்கா" என்றேன்.

"கேக்காம செய்வமா" என்றார், என்னைத் திரும்பிப் பாராமலே. பேச்சு மாப்பிள்ளைகளைப் பற்றிப் போனது. மகள் வந்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "உங்கட பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

காக்கா பேசிய இடம் எதுவும் சரிவரவில்லை. அந்த வளவைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் அதற்குப் பிறகும் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்வார்.