புது டயரைப் பின்னால் போடச் சொன்னவர்

ரபீக் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் மலைமேல் சோளக்காடு சந்தையில் வண்டியில் அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தேன். டீ குடிக்க இறங்கிய பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஏனுங்க, காளப்பநாயக்கன்பட்டி டயர்க்கடை பாய் காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலியாம். சாயங்காலம் அடக்கம்னு பேசிக்கறாங்க." பாதிப் பழத்தை அப்படியே விட்டுவிட்டு மலை இறங்கினேன். மலைப்பாதையின் எழுபது வளைவையும் தாண்டி வந்து சேர்ந்தபோது தொழுகை முடிந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நானும் நடந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நம் வாடகை வண்டிக்காரர்கள் நீங்கள் கேட்டீர்கள். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். நல்லவர், பொறுமைசாலி என்று எழுதி முடித்துவிடலாம்தான். எனக்கு வயது அறுபத்திரண்டு. பூசி மெழுகுவதற்கு இனிமேல் தெம்பில்லை.

என் வண்டியை உங்களுக்குத் தெரியும். நீளமான பழைய ஸ்டேஷன் வேகன். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, என்ஜின் பாரமெல்லாம் முன்னால். பழம் ஏற்றினால் பின்பக்கம் அம்மி மாதிரி உட்காரும். காலியாக இருந்தால் பின்னால் பாரமே இருக்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதற்கு இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அவர் வழக்கப்படி உட்கார்ந்து நான்கு பழைய டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு புது டயர் இரண்டையும் பின்னால் போடலாம் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் பாய், இழுக்கிறது எந்தச் சக்கரம்? முன்சக்கரந்தானே? இழுக்கிற மாட்டுக்கு லாடம் அடிக்காம, சும்மா பின்னால வர்ற மாட்டுக்கா அடிப்பீங்க?" என்றேன். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாய் கோபப்படவில்லை. "முன்டயர் தேஞ்சா ஸ்டியரிங்ல தெரிஞ்சிருமுங்ணா, நாம உசாராயிருவோம். பின்டயர் தேஞ்சா ஒண்ணுமே சொல்லாது. ஒரே தடவதான் சொல்லும்" என்றார். நான் கேட்கவில்லை. வண்டி என்னுடையது, முன்னால் போடு என்று அதட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டு, "எறங்கும்போது வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைங்க. உள்ள போனப்புறம் ஆக்சிலேட்டர்லருந்து வெடுக்குனு காலை எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மலைமேல் திண்ணனூரில் ஒரு காதுகுத்து. முடித்துவிட்டு நானும் என் மனைவி சரசுவும் மலை இறங்கினோம். நல்ல மழை, வண்டி காலி. சரசு அசதியில் பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். ஒரு வளைவுக்குள் வேகமாகவே நுழைந்துவிட்டேன். எதிரே பஸ் தெரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை அழுத்தினேன். முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டது, பின்பக்கம் வீசிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் வண்டி சுழன்று, வந்த மலையையே பார்த்து நின்றது. பின்பக்கம் தடுப்புச் சுவரில் அடித்திருந்தது. சரசுவின் வலது தோள் நொறுங்கியது. இன்றுவரை அந்தக் கை முழுதாக மேலே எழவில்லை.

ஆஸ்பத்திரியில் என் மச்சான் குதித்தார். "போன வாரந்தான அந்த பாய் டயர் மாட்டுனான்? ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டான்." சரசு என்னைப் பார்த்தாள். ஆமாம், டயரில்தான் ஏதோ கோளாறு என்று முனகியதாக ஞாபகம். ஞாபகம் என்ன ஞாபகம், சொன்னேன். பத்தே நாளில் அது ஊர்ப்பேச்சாகி, பாய் மாட்டிய சக்கரம் கழன்று ஓடியது என்பது வரைக்கும் வளர்ந்தது. உங்களில் பலர் அதற்கப்புறம் சேந்தமங்கலத்துக்குப் போய் டயர் மாற்றினீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டறையில் வண்டி சரியாகி வந்ததும் அவரே வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புது டயர்களைக் கழற்றிப் பின்னால் மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து மலை வரை கூடவே வந்தார். "பின்பக்கம் வீசுச்சுன்னா பிரேக்கத் தேடாதீங்க. வீசுற பக்கமே ஸ்டியரிங்கத் திருப்பி லேசா ஆக்சிலேட்டர் குடுங்க. முன்னாடி இழுக்கற வண்டி, அதுவே நிமிந்துக்கும்" என்றார். பழியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குத்தான் தாங்காமல், ஊரில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "ஊரு கெடக்குதுங்ணா. சரசக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "மொதல்ல அங்க சொல்லுங்க." சொல்வதாகத் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியே வருஷங்கள் ஓடிவிட்டன, இதோ அவரும் போய்விட்டார்.

நேற்று சரசுவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சந்தையில ஆயிஷாக்கா எத்தன தடவ நின்னு கை எப்படியிருக்குன்னு கேட்டாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனனே" என்றாள். ஆயிஷா பாயின் மனைவி. "எந்திரிங்க, அவங்க ஊட்டுக்குப் போலாம்" என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கணவர் இறந்து இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருக்கும் பெண்ணை வேற்று ஆண்கள் பார்ப்பதில்லை. நேரில் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. சரசு மட்டும் உள்ளே போனாள், நான் வண்டியிலேயே இருந்தேன். திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"அப்ப அவரு கை தப்புப் பண்ணலியான்னு கேட்டு அழுவறாங்க. அவங்ககிட்டக்கூட அவரு சொல்லலீங்க."

ஆறு வருஷம் தன் சொந்த வீட்டிலும் அந்த மனிதர் என் தப்பைத் தன் தப்பாகச் சுமந்திருக்கிறார். பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தப் பழி ஒன்றைத்தான். புது டயரை முன்னால் போடச் சொன்னவன் நான். இதைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள், அவர் வீட்டுக்குள் கேட்கும்படி.