ஆம், இல்லை என்று மட்டும்

இன்று காலை மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல். விடுமுறைக்கு முந்திய மூன்று நாளும் பாடம் கிடையாதாம். சிந்தனையைத் தூண்டும் விளையாட்டுகள்தானாம். அவளுக்கு ஒரே குதூகலம். அடுப்பில் என் தோசை கருகியது. கருகல் வாடையையும் மீறி எனக்கு வந்தது வேறொரு வாடை: புளித்த ரப்பர் பால்.

குருவிட்ட ஊருக்கு மேலே மலையில், நான் முதன்முதலில் டீச்சராகப் போன ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் விடியற்காலையில் அம்மாமாரோடு மலைக்குப் போய், பால் வாளி தூக்கிவிட்டு வகுப்புக்கு வருவார்கள். முதல் வாரம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்திய மகாராணி நான். இருபத்திரண்டு வயது. இரண்டு நாள் பயிற்சியும் அங்கே கொடுத்த ஒரு நீலக் கோப்பும் போதும், உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற நினைப்பு.

டிசம்பர் விடுமுறைக்கு முந்திய நாள் எட்டாம் வகுப்பில் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஒருவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஆம், இல்லை என்று மட்டும். மாடு, ரயில், தோட்டத்துப் பெரிய துரையின் தொப்பி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட, கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். எப்போதும் வாய் திறக்காத ரஞ்சனி அன்று தானாகவே எழுந்து வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“சாமானா?”

“இல்ல.”

“எடமா?”

“ஆமா.”

“கொழும்புலயா?”

“ஆமா.”

கடற்கரை, மிருகக்காட்சிசாலை என்று கத்தினார்கள். இல்லை, இல்லை.

“வீடா?”

“ஆமா.”

“சொந்தக்காரங்க வீடா?”

“இல்ல.”

சத்தம் குறைந்தது. அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்.

“லீவு முடிஞ்சு வந்துருவியா?”

“இல்ல.”

“ஒனக்கு அங்க போக விருப்பமா?”

ரஞ்சனி என்னைப் பார்த்தாள். “டீச்சர், ரெண்டு பதிலும் சொல்ல முடியலன்னா என்ன செய்யிறது?”

கோப்பில் அதற்கு விதி இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், “சரி, போய் உக்காரும்மா” என்றேன்.

பள்ளிக்கூட அதிபரிடம் ஓடினேன். “லீவு விட்டாச்சு டீச்சர், நீங்களும் பஸ்ஸப் பாருங்க” என்றார். பஸ்ஸைப் பார்க்காமல் ரஞ்சனி வீட்டார் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஏறினேன். மாணிக்கக் குழியில் மண் சரிந்து இடுப்பு முறிந்த அவள் அப்பா உள்ளே படுத்திருந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“எம் மகள வச்சு வெளையாட்டு காட்டுனீங்களாமே டீச்சர்?”

பதினான்கு வயதுக்குள் வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது, சட்டம் இருக்கிறது, ஆபீசில் சொல்லுவேன் என்று படபடத்தேன்.

“சொல்லுங்க. அவங்க வந்து இந்த மனுசனுக்கு மருந்து வாங்கித் தருவாங்களா?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க எத்தன நாளைக்கு இங்க இருப்பீங்க டீச்சர்?”

என் கைப்பையில் இடமாற்ற விண்ணப்பம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் காலை சிறுவர் விஷயங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பானவர் லீவாம், ஜனவரியில் வரட்டாம். யாரிடமும் கெஞ்சாத நான் அங்கிருந்த பியூனிடம் கெஞ்சினேன். அவர் ஒரு கதிரையைக் காட்டி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அன்று காலை பஸ்ஸில்தான் ரஞ்சனியை அனுப்புகிறார்கள் என்று லயத்தில் சொல்லியிருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு ஓடியபோது கொழும்பு பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. யன்னலோரம் ரஞ்சனி. பக்கத்தில், தெரியாத ஒரு பெண். பஸ்ஸைக் கையால் தட்டிக்கொண்டே ஓடினேன். என்னைப் பயணி என்று நினைத்த கண்டக்டர் கையை நீட்டி, ஏறச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். “நகின்ட மிஸ், நகின்ட!”

ஏறியிருக்கலாம். ஏறி என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

ஜனவரியில் அந்த அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கொழும்பு வீட்டு விலாசம் கேட்டார்கள், என்னிடம் இல்லை. ரஞ்சனியின் அம்மா தரவில்லை. ஆண்டு முடிவதற்குள் எனக்கு இடமாற்றம் கிடைத்தது. மறுக்கவில்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் இப்போது ஐந்தாம் வகுப்போடு சரி. பெரிய பிள்ளைகள் வேனில் டவுனுக்குச் சிங்களப் பள்ளிக்கூடம் போகிறார்கள். ரப்பர் மரங்களைத் தறித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் முள்தேங்காய் மரம் வைத்திருக்கிறார்கள். அந்த வாடை எங்கேயும் இல்லை. ரஞ்சனி வீட்டார் இருந்த லயத்துக் காம்பராவில் வேறு குடும்பம். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் அவள் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி விசாரித்தேன்.

அவள் சுளகை நிறுத்தி, நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

“அப்படி யாரும் இங்க இருக்கலையே மிஸ்.”